குழந்தைகளோடு துருவ ஒளி பார்க்க டிரோம்சோ போகிறீர்களா? நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை

நாங்கள் 5 பேர் போனோம். நான், என் கணவர், 66 வயது அத்தை, 10 வயது மகன், 5 வயது மகள். நார்வேயின் வடக்கே இருக்கும் டிரோம்சோவில் டிசம்பர் கடைசி வாரத்தில் 5 இரவு தங்கினோம். அதில் 3 இரவு, துருவ ஒளி (வடக்கே இரவு வானத்தில் ஆடும் பச்சை வெளிச்சம்) பார்க்க மாலை டூரில் போனோம். முதல் இரவு முழுக்க மேகம். இரண்டாம் இரவு வானத்தில் பச்சை ஓடியபோது மகள் வேனில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள், எழுப்பினால் அழுதாள். மூன்றாம் இரவுதான் 5 பேரும் ஒன்றாக நின்று பார்த்தோம், சுமார் 40 நிமிடம்.

முதல் இரண்டு இரவும் வீணானதற்கு வானம் பாதிதான் காரணம். மீதிப் பாதி எங்கள் தயாரிப்பில் இருந்த ஓட்டை. அந்த ஓட்டைகளை நீங்கள் முன்கூட்டியே அடைத்துக்கொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. மாதமும் இரவுகளின் எண்ணிக்கையும்

டிரோம்சோவில் துருவ ஒளி பார்க்கும் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் தொடக்கத்தில் முடிகிறது. கோடையில் அங்கே இருட்டே வராது, அதனால் ஒளி இருந்தாலும் தெரியாது. நவம்பர் 27 வாக்கில் தொடங்கி ஜனவரி 15 வரை சூரியன் உதிப்பதே இல்லை. நடுப்பகலில் சில மணி நேரம் நீலமான மங்கல் வெளிச்சம் இருக்கும், அவ்வளவுதான்.

நாங்கள் பள்ளி விடுமுறையைப் பார்த்து டிசம்பரைத் தேர்ந்தெடுத்தோம். இருட்டு சீக்கிரம் வருவது குழந்தைகளுக்கு வசதிதான். ஆனால் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் விடுதி வாடகை எகிறிவிடுகிறது, 24, 25 தேதிகளில் பல கடைகள் மூடிக் கிடக்கின்றன. பள்ளியில் ஒரு வாரம் விடுப்பு கிடைக்குமென்றால் பிப்ரவரி அல்லது மார்ச்சில் போங்கள். பகலில் வெயிலும் பனியும் இருக்கும், மாலை இருட்டியதும் டூருக்குக் கிளம்பலாம்.

குறைந்தது 4 இரவு தங்குங்கள். ஒரே ஒரு இரவை நம்பி டிக்கெட் போடுவது சூதாட்டம். கடலோர ஊர் என்பதால் மேகம் வந்தால் இரண்டு மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருக்கும். முதல் டூரை ஊர் சேர்ந்த மறுநாள் இரவுக்குப் போடுங்கள். வானம் ஏமாற்றினால் இன்னொரு முறை போக இரவுகள் மிச்சமிருக்கும். கடைசி இரவுக்குப் பதிவு செய்துவிட்டு வெறுங்கையோடு விமான நிலையம் போன ஒரு குடும்பத்தைத் திரும்பும் வழியில் பார்த்தோம்.

2. விசாவும் காகிதங்களும்

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா) வேண்டும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும் ஷெங்கனில் இருக்கிறது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் முடியாது. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சிக்கலானவற்றுக்கு 45 நாள் வரை ஆகலாம். டிசம்பர் பயணமென்றால் செப்டம்பரிலேயே வேலையை ஆரம்பியுங்கள். விசா மையத்தில் 5 பேருக்கு ஒரே நாளில் நேரம் கிடைப்பதே எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயது முடிந்து 12 ஆகாத பிள்ளைகளுக்கு 45 யூரோ. 6 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். எங்கள் கணக்கு 315 யூரோ வந்தது. அதற்கு மேல் விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டால் இந்தப் பணம் திரும்பாது.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், 2 வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்லுபடியாகும்படி எடுங்கள். வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், வருமான வரித் தாக்கல், விடுதிப் பதிவு, போய்வரும் விமானப் பதிவு எல்லாம் வழக்கமானவைதான். விடுதியைப் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு செய்யுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பத்தில் அப்பா, அம்மா இருவருமே கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் கூடப் போகிறார் என்றால் மற்றவரின் சம்மதக் கடிதமும் வேண்டும். மகனின் படிவத்தில் என் கணவரின் கையெழுத்து விட்டுப்போய், நாங்கள் இரண்டாவது முறை நடந்தோம். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கைரேகை எடுப்பதில்லை, அந்த ஒரு நிம்மதி உண்டு.

இன்னும் வடக்கே இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளையும் சேர்த்துப் பார்க்கத் திட்டமா? அது நார்வேயுடையதுதான், ஆனால் ஷெங்கனுக்கு வெளியே. அங்கே போய்த் திரும்பினால் மறுபடி ஷெங்கனுக்குள் நுழைவதாகக் கணக்கு. ஒருமுறை நுழையும் விசாவோடு போய்விடாதீர்கள்.

3. எந்த வகை டூர்?

மூன்று வகை உண்டு.

முதலாவது பெரிய பேருந்து. நான் பார்த்த விலைகள் ஒருவருக்கு 1,000 முதல் 1,300 நார்வே குரோனர். 40, 50 பேர் ஏறுவார்கள். கழிப்பறை உள்ள பேருந்துகளும் உண்டு, சின்னக் குழந்தை இருந்தால் அதன் அருமை தெரியும். ஆனால் ஒருவர் இறங்கி ஏற எல்லோரும் காத்திருக்க வேண்டும். பத்துப் பேராவது கைபேசி விளக்கை எரியவிட்டபடியே நிற்பார்கள்.

இரண்டாவது சிறிய வேனில் ஒளியைத் துரத்திக்கொண்டு போவது. 1,500 முதல் 2,200 குரோனர் வரை. வழிகாட்டி மேகப் படத்தைப் பார்த்துக்கொண்டே வழியை மாற்றுவார். டிரோம்சோவில் மேகமென்றால் உள்நாட்டில் ஷிபோத்தன் பள்ளத்தாக்குக்கோ, அதையும் தாண்டி ஃபின்லாந்து எல்லைக்கோ போவார்கள். ஒளியைப் பார்க்க அதிக வாய்ப்பு இதில்தான். ஆனால் மாலை 6 மணிக்குக் கிளம்பினால் திரும்ப நள்ளிரவு தாண்டும், சில நாள் 2 மணிகூட ஆகும். பல நிறுவனங்கள் 5, 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை இதில் ஏற்றுவதில்லை.

மூன்றாவது, ஊருக்கு வெளியே ஒரே முகாமில் உட்கார வைப்பது. அந்தப் பகுதியின் பழங்குடிகளான சாமி இன மக்களின் லாவ்வோ கூடாரம், நடுவில் நெருப்பு, பக்கத்தில் கலைமான்கள். பிள்ளைகள் கலைமானுக்குத் தீனி கொடுப்பார்கள், சூடான பானம் குடிப்பார்கள், வானத்தில் ஏதாவது தெரிந்தால் வெளியே ஓடுவார்கள். இரவு 10, 11 மணிக்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம். குறை என்னவென்றால், முகாமுக்கு மேல் மேகம் இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

என் கருத்து: 7 வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் குடும்பமாக முகாமுக்குப் போங்கள். வேன் துரத்தலை இன்னொரு இரவில், பெரியவர்களில் ஒருவர் விடுதியில் குழந்தையோடு தங்க, மற்றவர்கள் போகட்டும். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். இரண்டு இரவு வேன், மூன்றாவது இரவு முகாம். எங்களுக்கு ஒளி கிடைத்தது முகாமில்.

வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டலாமே என்று என் கணவர் முதலில் சொன்னார். பனிச்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு வேண்டவே வேண்டாம். உறைந்த வளைவுகள், தெருவிளக்கில்லாத இருட்டு, குறுக்கே வரும் கலைமான்கள். அண்ணாந்து வானத்தைப் பார்க்கிற வேலை வேறு.

4. பதிவு செய்யும் முன் எழுத்தில் கேளுங்கள்

தொலைபேசியில் கேட்டால் போதாது, மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள்.

குழந்தை இருக்கை உண்டா? நார்வேயில் 135 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு வாகனத்தில் அதற்கான இருக்கை கட்டாயம். வயதை மட்டும் எழுதாதீர்கள், உயரத்தையும் எடையையும் எழுதுங்கள். நாங்கள் வயதை மட்டும் எழுதியிருந்தோம். முதல் நாள் வேனில் மகளுக்கு இருக்கை இல்லை, ஓட்டுநர் வண்டியை எடுக்க மாட்டேன் என்றார். அவர் சொன்னது சரிதான். எங்கிருந்தோ ஒரு இருக்கை வரும்வரை மற்ற 8 பேரும் எங்களை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

குளிர் உடை தருகிறீர்களா, குழந்தை அளவில் இருக்கிறதா, பூட்ஸும் சேர்த்தா? பெரியவர்களுக்கான முழு உடை பெரும்பாலும் தருவார்கள். குழந்தை அளவு எல்லோரிடமும் இருக்காது.

சாப்பாடு சைவமா? சூப்பிலோ குழம்பிலோ கலைமான் இறைச்சி, மீன் இருப்பது அங்கே சகஜம். முதல் இரவு நாங்கள் சொல்ல மறந்ததால் அத்தை பிஸ்கட்டும் சூடான சாக்லேட் பாலும் மட்டும் சாப்பிட்டார். முறுக்கு, தட்டை எடுத்துப் போகலாம். ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் நார்வேக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை, பால்கோவாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ரத்து விதி என்ன? இதைக் கவனமாகப் படியுங்கள். மோசமான வானிலை என்று அவர்களே ரத்து செய்தால் பணம் திரும்பும் அல்லது வேறு நாள் தருவார்கள். டூர் கிளம்பி ஒளி தெரியவில்லை என்றால் பொதுவாக ஒன்றும் திரும்பாது. சிலர் இரண்டாம் முறைக்குத் தள்ளுபடி தருகிறார்கள், அது எழுத்தில் இருக்க வேண்டும்.

5. உடை

இதற்குத்தான் நீங்கள் அதிகம் மெனக்கெட வேண்டும். டிரோம்சோ ஊருக்குள் கடல் காற்றால் குளிர் அவ்வளவு மோசமில்லை, பெரும்பாலும் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே. அதை நம்பி உடுத்திக்கொண்டு போனால் உள்நாட்டில் சிக்குவீர்கள். எல்லைப் பக்கம் மைனஸ் 20 சர்வ சாதாரணம். அதிலும் நடந்துகொண்டிருக்கும்போது தெரியாது. ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் வானத்தைப் பார்த்து நிற்பதுதான் கொல்லும்.

பருத்தி கூடவே கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், அந்த ஈரம் குளிரும். ஜீன்ஸும் பருத்திதான். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி உள்ளாடை மேலும் கீழும். அதன்மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட், பேன்ட். சேலைதான் கட்டுவேன் என்று அத்தை அடம்பிடித்தார். கடைசியில் சேலைக்குள் கம்பளிப் பேன்ட்டுகள் இரண்டு, அதற்கு மேல் டூர்க்காரர்கள் தந்த முழு உடை என்று சமாதானமானோம். அந்த உடைக்குள் சேலை எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

காலணி ஒரு சைஸ் பெரியதாக இருக்கட்டும். இரண்டு மூன்று சாக்ஸ் போட்டு இறுக்கமான பூட்ஸுக்குள் காலைத் திணிப்பது எல்லோரும் செய்யும் தவறு. விரலைச் சுற்றிக் காற்று இல்லையென்றால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். ஒரு கனமான கம்பளி சாக்ஸ் போதும். குழந்தைகளுக்கு ஐந்து விரல் கையுறை வேண்டாம். நான்கு விரலும் ஒரே பையில் போகும் மிட்டன் வாங்குங்கள், அதை ஒரு கயிற்றால் ஜாக்கெட்டோடு கட்டிவிடுங்கள். என் மகள் ஒரு மிட்டனை இருட்டில் தொலைத்துவிட்டாள், மீதி நேரம் அவள் கை என் ஜாக்கெட்டுக்குள்.

கடையில் கைச்சூட்டுப் பொட்டலங்கள் கிடைக்கும், ஆளுக்கு 2 வீதம் எடுங்கள். வயதானவர்கள் இருந்தால் செருப்புக்கடியில் மாட்டும் முள்பட்டையும் அவசியம். நார்வேக்காரர்கள் இதை ப்ரொடர் என்பார்கள், மருந்துக் கடையில்கூட விற்கிறார்கள். விடுதி வாசலில்தான் வழுக்கும், மலையில் இல்லை.

6. டூர் நாளின் பகல்

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் நார்வே நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு 8 மணி என்றால் குழந்தையின் உடம்புக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. என் மகள் தூங்கியது அவள் குற்றமில்லை. இரண்டாம் இரவில் புத்தி வந்து, மறுநாள் மதியம் 2 மணியிலிருந்து 5 வரை திரையை இழுத்துவிட்டு அவளைத் தூங்க வைத்தோம். வெளியே அப்போதே இருட்டு என்பதால் தூங்க வைப்பது சுலபம், எழுப்புவதுதான் சிரமம்.

பகலில் வானிலையைப் பாருங்கள். துருவ ஒளிச் செயலிகள் ஒளிக்கான வாய்ப்பைச் சொல்ல கேபி என்று ஓர் எண் காட்டும், 0 முதல் 9 வரை. தெற்கே இருப்பவர்களுக்குத்தான் பெரிய எண் தேவை. துருவத்தைச் சுற்றி ஒளி அதிகம் தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே டிரோம்சோ இருப்பதால் கேபி 1, 2 இருந்தாலே தெரியலாம். நீங்கள் பார்க்க வேண்டியது மேகம். நார்வே வானிலைத் துறையும் அரசு ஒலிபரப்பு நிறுவனமும் நடத்தும் ஒய்ஆர் செயலியில் மணிக்கு மணி மேக அளவு இருக்கிறது. கேபி 6 என்று குதித்துவிட்டு மேகத்துக்கடியில் நின்றால் ஒன்றும் தெரியாது.

கிளம்பும் முன் எல்லோரும் கழிப்பறை போய்விட வேண்டும். வேன் டூரில் அடுத்த கழிப்பறை ஒரு பெட்ரோல் நிலையமாக இருக்கலாம், புதராகவும் இருக்கலாம். வளைவுச் சாலையில் வாந்தி வரும் குழந்தை என்றால் கனமான சாப்பாடு வேண்டாம், பிளாஸ்டிக் பை கையில் இருக்கட்டும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர், முழுதாக சார்ஜ் ஏற்றிய கைபேசி.

பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபின்லாந்துக்குள் போனாலும் போவார்கள், அதே விசா செல்லும், ஆனால் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். நாங்கள் விடுதிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வந்துவிட்டோம். எல்லைக்கு அப்பால்தான் வானம் திறந்திருக்கிறது என்று வழிகாட்டி சொன்ன அந்த முதல் இரவு, எங்களால் வேன் இந்தப் பக்கமே நின்றது. அன்று எங்களோடு வந்தவர்களிடம் இன்றும் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது.

ஏற்றிக்கொள்ளும் இடத்துக்குப் 10 நிமிடம் முன்பே போய் நில்லுங்கள், காத்திருக்க மாட்டார்கள். குழந்தைகளுக்கு ஒளி பட்டால் மின்னும் பட்டையைக் கையில் கட்டுங்கள். இருட்டில் எல்லாக் குழந்தையும் ஒரே உருவம்.

7. வானத்தில் என்ன தெரியும்?

இதைக் குழந்தைகளிடம் முன்பே சொல்லுங்கள். படங்களில் இருக்கும் அந்தப் பச்சை எப்போதும் கண்ணுக்கு அப்படித் தெரியாது. ஒளி மங்கலாக இருக்கும்போது கண் நிறத்தைப் பிடிக்காது, சாம்பல் நிறப் புகைபோலத் தெரியும். கேமரா சில நொடி ஒளியைச் சேர்த்து வைப்பதால் பச்சையாகக் காட்டும். மூன்றாம் இரவின் தொடக்கத்தில் வானத்தில் ஒரு வெண்பட்டை தெரிந்தது. "இந்த மேகத்தைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் அத்தை. சந்தேகம் வந்தால் கைபேசியை அந்தப் பக்கம் பிடித்து இரவு முறையில் ஒரு படம் எடுங்கள். பச்சையாக வந்தால் அது மேகமில்லை.

பத்து நிமிடத்தில் அந்தப் பட்டை கொதிக்க ஆரம்பித்தது, விளிம்பில் இளஞ்சிவப்புகூட ஓடியது. அப்போது எல்லாக் கண்ணுக்கும் நிறம் தெரிந்தது. அத்தை பேசவே இல்லை.

இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடமாவது ஆகும். ஒரு முறை கைபேசித் திரையைப் பளிச்சென்று பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து. திரை வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். குழந்தைகளை முழு நேரமும் வெளியே நிறுத்தாதீர்கள். ஒரு பெரியவர் வெளியே காவல் நிற்கட்டும், மற்றவர்கள் கூடாரத்தில் நெருப்பருகே இருக்கட்டும். ஒளி வந்ததும் குரல் கொடுத்தால் ஓடி வந்துவிடலாம்.

8. படம் எடுப்பது

கைபேசியைக் கையில் பிடித்தால் ஆடும், சின்ன முக்காலி போதும். இரவு முறை, 3 நொடி அல்லது அதற்கு மேல். தனிக் கேமரா என்றால் கையால் நட்சத்திரத்தின் மீது ஃபோகஸ் வைத்து, ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 1600 முதல் 3200, லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, 5 முதல் 10 நொடி. ஒளி வேகமாக ஆடினால் நொடியைக் குறையுங்கள். குளிரில் மின்கலம் சீக்கிரம் செத்துவிடும், அதனால் கைபேசி உள் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். விடுதிக்குத் திரும்பியதும் கேமராவைப் பையிலிருந்து உடனே எடுக்காதீர்கள், கண்ணாடிக்குள் நீர் படியும். காலை வரை அப்படியே விட்டுவிடுங்கள்.

குடும்பப் படத்தை வழிகாட்டியிடமே விட்டுவிடுங்கள், அநேகமாக அது டூர் விலையிலேயே அடக்கம். 5 நொடி யாரும் அசையக் கூடாது என்பார். எங்கள் படத்தில் 4 பேர் தெளிவாக இருக்கிறோம், மகளுக்கு மட்டும் மூன்று தலை. படங்களை ஓரிரு நாளில் மின்னஞ்சலில் அனுப்புவார்கள். எங்களுடையது வரவில்லையென்று ஒரு வாரம் புலம்பிய பிறகு, குப்பை அஞ்சல் பெட்டியில் கிடப்பதை மகன் கண்டுபிடித்தான். பதிவிறக்கும் இணைப்பு காலாவதியாக இரண்டு நாள்தான் மிச்சமிருந்தது.